"நெட்டு இழுக்குதுங்க": லினக்ஸ் பெட்டியா, சிப் ரவுட்டரா, எங்கே பார்ப்பது?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் 'ரவுட்டர்' என்று சொன்னால் ஒரே பொருளைக் குறிக்காது. சோமனூரில் கேபிள் நெட் நடத்துபவர் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு ஊர் முழுக்க லைன் கொடுத்திருப்பார். திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளுக்கு மேலே ஆணியில் மைக்ரோடிக் கம்பெனியின் ரவுட்டர் பெட்டி ஒன்று தொங்கும். சரவணம்பட்டி ஐடி ஆபீஸ் ராக்கில் லேயர் 3 சுவிட்ச் (ரவுட்டிங்கும் செய்யும் சுவிட்ச்) இருக்கும். போனில் மூன்று பேரும் சொல்வது ஒன்றேதான்: "ஏனுங்க, நெட்டு இழுக்குதுங்க."

மூன்றுக்கும் வைத்தியம் வேறு. லினக்ஸ் பெட்டியில் ஒவ்வொரு பாக்கெட்டையும் (நெட்டில் போகும் தரவின் சின்னத் துண்டு) இயங்குதளமே வாங்கிப் பார்த்து அனுப்புகிறது. பாரம் முழுவதும் சிபியு தலையில். லேயர் 3 சுவிட்சில் அந்த வேலைக்கென்றே செய்த சிப் அனுப்பிவிடும். பாக்கெட் போனது சிபியுவுக்குத் தெரியவே தெரியாது. நடுத்தர ரகப் பெட்டிகள் சிலதைச் சிப்பிலும் மீதியைச் சிபியுவிலும் அனுப்பும். போன் அதிகம் வருவது இந்த நடுத்தர ரகத்துக்குத்தான்.

முதலில் பார்க்க வேண்டியது: பாக்கெட் எந்த வழியில் போகிறது?

பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு லேப்டாப், அந்தப் பக்கம் ஒரு லேப்டாப் வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 ஓடட்டும். பெட்டிக்குள்ளேயே ஐபெர்ஃப் ஓட்டாதீர்கள். அது பெட்டியின் சிபியுவை அளக்குமே தவிர ரவுட்டிங்கை அளக்காது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியின் சிபியுவைப் பாருங்கள். கூடவே ஏறினால் மென்பொருள் வழி. இரண்டு மூன்று சதவீதத்திலேயே அசையாமல் நின்றால் சிப் வழி. சிப் வழியில் போவது, பாக்கெட்டைக் காட்டும் கருவிகளான டிசிபிடம்ப்பிலோ மைக்ரோடிக் டார்ச்சிலோ தெரியாது. "டார்ச்சில ஒண்ணுமே காணோம், ஆனா நெட்டு ஓடுது" என்றால் அதுதான் காரணம், பெட்டி கெட்டுவிடவில்லை.

இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கீழே உள்ள எதையும் தொடங்க வேண்டாம்.

அறிகுறி: பகலில் ஒழுங்கு, ராத்திரி ஏழு மணிக்கு மேல் இழுக்கிறது. சிபியுவோ 25 சதவீதம்தான் காட்டுகிறது

முதலில் செலவில்லாத சோதனை. மேலே இருந்து லைன் கொடுப்பவரின் கேட்வேக்கு (அவர்கள் பக்கத்து முதல் பெட்டி) பிங் போடுங்கள், பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது காட்டும். பெட்டியில் டிராஃபிக் குறைவாக இருக்கும்போதே அங்கே தாமதம் ஏறினால் குறை அவர்கள் பக்கம். உங்கள் பெட்டியைப் பிரிக்கத் தேவையில்லை, அவர்களுக்குப் புகார் கொடுங்கள்.

அங்கே ஒழுங்கென்றால், அந்த 25 சதவீதத்தை நம்பாதீர்கள். சிபியுவுக்குள் நாலு கோர், அதாவது நாலு தனி வேலையாள், உள்ள பெட்டியில் ஒரு கோர் முழுதாக நிரம்பி மற்ற மூன்றும் சும்மா இருந்தாலும் சராசரி 25தான். லினக்ஸில் சிபியு வேலையைக் காட்டும் டாப் கட்டளையை ஓட்டி விசைப்பலகையில் 1 அழுத்துங்கள். கோர் கோராகப் பிரித்துக் காட்டும். ஒரு கோரில் மட்டும் 'எஸ்ஐ' என்ற எண் (பாக்கெட் வாங்குவது போன்ற உள்வேலைக்குப் போகும் நேரம்) நூறை ஒட்டி நின்று, கீழே பட்டியலில் அந்த வேலையைச் செய்யும் 'கேசாஃப்ட்ஐஆர்க்யூடி' முதலிடத்தில் இருந்தால், ஆளைப் பிடித்தாகிவிட்டது. மைக்ரோடிக்கில் இதையே ப்ரொஃபைல் கருவியில் கோர்வாரியாகப் பார்க்கலாம்.

எல்லாப் பாக்கெட்டும் ஏன் ஒரே கோருக்குப் போகின்றன? விசாரிக்க வேண்டிய வரிசை இது.

கார்டுகளின் வேலையைக் கோர்களுக்குப் பங்கிடும் ஐஆர்க்யூபேலன்ஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாவிட்டால் ஓட விடுங்கள். பாதி கேஸ் இதோடு தீரும்.

அடுத்து நெட்வொர்க் கார்டில் எத்தனை வரிசை (வந்த பாக்கெட் காத்து நிற்கும் க்யூ) இருக்கிறது என்று லினக்ஸின் எத்டூல் கட்டளையில் பாருங்கள். மதர்போர்டோடு வரும் மலிவான ரியல்டெக் போர்ட்டில் பெரும்பாலும் ஒரே வரிசைதான். இன்டெல் ஐ350 போன்ற சர்வர் கார்டுகளில் பல வரிசை உண்டு, ஒவ்வொன்றையும் ஒரு கோர் கவனித்துக்கொள்ளும்.

பல வரிசை இருந்தும் ஒன்றே நிரம்புகிறதா? கேபிள் நெட்காரர்களிடம் இதற்குக் காரணம் அனேகமாக பிபிபிஓஇ, அதாவது சந்தாதாரர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து லைனில் நுழையும் முறை. அது ஒவ்வொரு பாக்கெட்டையும் ஓர் உறைக்குள் போட்டு அனுப்பும். கார்டு ஐபி முகவரியைப் பார்த்துத்தான் பாக்கெட்டை வரிசைகளுக்குப் பிரிக்கும். பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும் ஐபி பல கார்டுகளுக்குத் தெரியாது. பிரிக்கத் தெரியாததையெல்லாம் முதல் வரிசையிலேயே கொட்டிவிடும். இதற்குக் கார்டு மாற்ற வேண்டாம். ஆர்பிஎஸ் என்ற வசதியை இயக்கினால் லினக்ஸே மென்பொருளில் பிரித்துக்கொடுக்கும். அந்த வரிசையின் ஆர்பிஎஸ்_சிபியுஸ் கோப்பில் எந்தெந்தக் கோர் என்று எழுத வேண்டும். நாலு கோருக்கும் என்றால் 'எஃப்' என்ற ஒற்றை எழுத்து. ரீஸ்டார்ட் ஆனால் அழிந்துபோகும், ஆகவே தொடக்க ஸ்கிரிப்டிலும் சேர்த்துவிடுங்கள்.

இதற்கப்புறமும் பாக்கெட் விழுந்தால் (பாதியில் தொலைந்தால்) அந்தக் கணக்கு இருக்கும் சாஃப்ட்நெட்_ஸ்டாட் கோப்பைத் திறங்கள். ஒரு கோருக்கு ஒரு வரி இருக்கும். இரண்டாவது பத்தி ஏறிக்கொண்டே போனால் காத்திருப்பு வரிசை நிரம்பிப் பாக்கெட் விழுகிறது. அதன் அளவைச் சொல்லும் நெட்டெவ்_மேக்ஸ்_பேக்லாக் தொடக்கத்தில் 1000 இருக்கும், அதைக் கூட்டலாம். மூன்றாவது பத்தி ஏறினால் ஒரு சுற்றில் பார்க்கக் கொடுத்த 300 பாக்கெட் கணக்கோ நேரமோ போதவில்லை. கார்டின் ரிங் (வந்த பாக்கெட்டைக் கார்டு வைக்கும் இடம்) அளவையும் பாருங்கள்: ஐ350 வகையில் தொடக்கம் 256, மேல் எல்லை 4096. ஒரேயடியாக உச்சத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். வரிசை நீளமானால் பாக்கெட் விழாது, ஆனால் காத்துக் கிடக்கும். கேம் விளையாடும் பையன் அடுத்த நாளே போன் போடுவான்.

இத்தனையும் செய்து எல்லாக் கோரும் ஒரே அளவில் நிரம்பி நிற்கிறது என்றால், அப்போதுதான் பெட்டி போதவில்லை என்று பொருள். அதற்கு முன்னால் "புது சர்வர் வாங்கணும்" என்று யார் சொன்னாலும் பர்ஸை எடுக்காதீர்கள்.

எது வாங்குவது என்று முடிவெடுக்க ஜிபிபிஎஸ் (விநாடிக்கு எத்தனை கிகாபிட்) கணக்கு உதவாது, விநாடிக்கு எத்தனை பாக்கெட் என்ற கணக்குத்தான் வேண்டும். லாரி ஆபீஸில் பத்துப் பெரிய பேலுக்கும் பத்துச் சின்னப் பார்சலுக்கும் ரசீது எழுதும் வேலை ஒன்றுதானே, அதுபோலத்தான் சிபியுவுக்கும். 1 ஜிபிபிஎஸ் லைனில் 1500 பைட் பாக்கெட்டாக வந்தால் விநாடிக்கு 81,000 சொச்சம். அதே லைன் 64 பைட் பாக்கெட்டாக நிரம்பினால் 14.88 லட்சம். 10 ஜிபிபிஎஸ் என்றால் 1.488 கோடி, ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67 நானோ விநாடி. 3 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது 200 சுழற்சி. அதற்குள் பாக்கெட்டை வாங்கி, ரூட் (அது போக வேண்டிய வழி) தேடி, ஃபயர்வால் விதிகளைத் தாண்டி அனுப்ப வேண்டும். சாதாரண லினக்ஸ் ஒரு கோரில் பத்து லட்சம் வாக்கில் தள்ளும் என்பது தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. விதிகள் கூடக் கூட அது இறங்கும்.

என் கருத்து: மொத்தம் 1 ஜிபிபிஎஸ், 2 ஜிபிபிஎஸ் வரை ஒரு சுமாரான சர்வரும் நல்ல கார்டும் போதும். உள் நெட்வொர்க்கில் விலான்களுக்கு (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரித்த பகுதிகள்) நடுவே 10 ஜிபிபிஎஸ் ஓட வேண்டும் என்றால் சிப் உள்ள சுவிட்சிடம் விட்டுவிடுங்கள். பாக்கெட்டை வேகமாகத் தள்ள லினக்ஸில் எக்ஸ்டிபி, டிபிடிகே என்று வேறு வழிகள் உண்டு, வேகமும் உண்மை. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு அது நின்றால் சரிசெய்ய ஊரில் ஆள் இருக்கிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நேற்றுவரை முழு வேகம், இன்று பாதி. கேபிளைக்கூட யாரும் தொடவில்லை

கேபிளைத் தொட்டிருக்க மாட்டார்கள். செட்டிங்கைத் தொட்டிருப்பார்கள். "ஒண்ணும் பண்ணலீங்க, ஆபீஸ்ல யூடியூப்புக்கு மட்டும் ஒரு லிமிட் போட்டோம்" என்று ஐந்தாவது நிமிடத்தில் வெளியே வரும்.

நடுத்தர ரகப் பெட்டிகளின் குணம் இது. சிப்புக்குப் பாக்கெட்டை அனுப்பத் தெரியும்; அளந்து அனுப்ப, எண்ணி அனுப்ப, உள்ளே பிரித்துப் பார்க்க அவ்வளவாகத் தெரியாது. அப்படி ஒரு வேலை சொன்னதும் மொத்த டிராஃபிக்கும் சிபியு வழிக்கு மாறிவிடும். எட்ஜ்ரவுட்டர் பெட்டியில் ஸ்மார்ட் க்யூ (வேகத்தை அளந்து விடும் வசதி) போட்டால் இதுதான் நடக்கும். ரவுட்டரில் போடும் ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருளில், அதேபோல அளந்து விடும் எஸ்க்யூஎம்மும் சிப்பிலேயே அனுப்பும் ஹார்டுவேர் ஃப்ளோ ஆஃப்லோடும் ஒத்துப்போகாது. பெட்டி எந்தப் பிழையும் காட்டாது, புலம்பாது. வேகம் மட்டும் இறங்கும்.

மைக்ரோடிக்கில் பார்க்க வேண்டியவை இவை. பிரிட்ஜ் (பல போர்ட்டுகளை ஒரே நெட்வொர்க்காகச் சேர்ப்பது) போர்ட் பட்டியலில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் முன்னால் 'ஹெச்' குறி இருக்கிறதா? இல்லையென்றால் அந்த போர்ட் சிப்பில் ஓடவில்லை. மைக்ரோடிக்கின் சிஆர்எஸ் 3 ரகச் சுவிட்சில் இரண்டு பிரிட்ஜ் உருவாக்கியிருந்தால் ஒன்றுக்குத்தான் சிப் வழி கிடைக்கும். மற்றதைக் கலைத்துவிட்டு ஒரே பிரிட்ஜில் விலானாகப் பிரியுங்கள். திருப்பூர், கரூர் பக்கம் அக்கவுன்ட்ஸுக்கு ஒரு பிரிட்ஜ், கேமராவுக்கு ஒரு பிரிட்ஜ் என்று போட்டு வைத்திருப்பதைச் சகஜமாகப் பார்க்கலாம். இந்தச் சுவிட்சுகளில் சிப் பலமானது, சிபியு நோஞ்சான். சிபியு வழிக்கு மாறினால் 10 ஜி போர்ட்டில் சில நூறு எம்பிதான் வரும்.

இதன் தலைகீழ் குறை ஒன்றும் உண்டு: 20 எம்பி பிளான்காரருக்கு 100 எம்பி போகிறது, போட்ட லிமிட் வேலை செய்யவில்லை. ஃபயர்வாலில் ஃபாஸ்ட்ட்ராக் (இணைப்பைக் குறுக்கு வழியில் விடும்) விதி இருக்கிறதா என்று பாருங்கள். ஃபாஸ்ட்ட்ராக் ஆன இணைப்புகள், லிமிட் போடும் சிம்பிள் க்யூவைத் தொடாமலே போய்விடும். லிமிட் வேண்டிய ஐபிக்களை அந்த விதியிலிருந்து விலக்கி வையுங்கள். சந்தாதாரர் யாரும் இதைப் புகாராகச் சொல்ல மாட்டார். மாதக் கடைசியில் லைன் நிரம்பும்போது நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆளைக் கூப்பிடும் இடம்: லிமிட்டும் வேண்டும், முழு வேகமும் வேண்டும், இருக்கும் பெட்டி இரண்டையும் தராது என்று தெரிந்தபின். அதற்கு முன்னால் வேண்டாம்.

அறிகுறி: ஓடுகிற டவுன்லோடு ஓடுகிறது, புதுப் பக்கம் மட்டும் திறக்கவில்லை

டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சர்வர்) மாற்றிப் பாருங்கள். அதில் தீர்ந்தால் சரி.

தீரவில்லையென்றால் லினக்ஸ் பெட்டியின் கர்னல் (இயங்குதளத்தின் மையம்) பதிவைப் பாருங்கள். 'என்எஃப்_கான்ட்ராக் டேபிள் ஃபுல்' என்ற வரி தொடர்ந்து விழுந்துகொண்டிருக்கும். நாட் (பல பேருக்கு ஒரே வெளி ஐபியைப் பங்கிடுவது) செய்யும் பெட்டி ஒவ்வொரு இணைப்பையும் ஒரு அட்டவணையில் குறித்துவைக்கிறது. அட்டவணை நிரம்பினால் பழைய இணைப்புகள் ஓடும், புதியதற்கு இடமில்லை. நிலைபெற்ற டிசிபி இணைப்பு சும்மா கிடந்தாலும் அதன் குறிப்பை லினக்ஸ் 4,32,000 விநாடி வைத்திருக்கும், அதாவது ஐந்து நாள். வீட்டு லைன் ஓட்டும் பெட்டிக்கு அது ரொம்ப அதிகம். சில மணி நேரமாகக் குறையுங்கள். உச்சவரம்பான என்எஃப்_கான்ட்ராக்_மேக்ஸையும் கூட்டலாம், ஒரு குறிப்புக்குச் சில நூறு பைட் நினைவகம்தான் செலவு.

எண்ணைக் கூட்டியும் ஒரே நாளில் மறுபடி நிரம்பினால், குறை பெட்டியில் இல்லை. எந்த உள் ஐபியிலிருந்து ஆயிரக்கணக்கில் இணைப்பு போகிறது என்று அட்டவணையிலேயே தேடுங்கள். கடவுச்சொல் மாற்றாமல் விட்ட சிசிடிவி டிவிஆர் அடிக்கடி மாட்டும். அதன் லேன் கேபிளைப் பிடுங்கி அரை மணி நேரம் பாருங்கள். எண்ணிக்கை இறங்கினால் அதுதான்.

வெறும் ரவுட்டிங் செய்யும் லேயர் 3 சுவிட்சுக்கு இப்படி ஓர் அட்டவணையே இல்லை. அங்கே இதே அறிகுறி வந்தால், அதற்கு முன்னால் நாட் செய்யும் ஃபயர்வாலைப் போய்ப் பாருங்கள்.

அறிகுறி: ஸ்பீடு டெஸ்ட் முழுதாக வருகிறது, போன் பேச்சும் வீடியோ மீட்டிங்கும் மட்டும் வெட்டுகிறது

திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் இது வாடிக்கை. மெர்ச்சன்டைசர் பையருடன் வீடியோவில் பேசிக்கொண்டிருப்பார், பக்கத்து அறையில் சாம்பிள் போட்டோ முழுவதையும் மேலே ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டே வெளியே பிங் போடுங்கள். சும்மா இருக்கும்போது 10 மில்லி விநாடி, ஏற்றும்போது 300 என்று போனால் அப்லோடு வரிசையில் பேச்சுப் பாக்கெட் மாட்டிக்கொள்கிறது. லைன் வேகத்தில் 90 சதவீதத்துக்குக் க்யூ அமைத்து, வரிசையைச் சீராக்கும் எஃப்க்யூ_கோடல் போட்டால் அடங்கிவிடும். ஆனால் மேலே சொன்னது ஞாபகம் இருக்கட்டும்: க்யூ போட்டால் சிப் வழி கிடைக்காது. 100 எம்பி லைனுக்கு அந்த இழப்பு தெரியாது, சிபியுவே சமாளிக்கும். 1 ஜிபிபிஎஸ் லைனில் சின்னப் பெட்டி மூச்சு முட்டும். அந்த இடத்தில் சர்வர் ரக லினக்ஸ் பெட்டிதான் சிப்பைவிட நல்லது என்பேன். வரிசையை நுட்பமாக ஆள்வதில் மென்பொருளுக்குக் கை சுத்தம்.

ஏற்றாதபோதும் வெட்டுகிறது என்றால் கோர் நிரம்புகிறதா என்று முதல் அறிகுறிக்குப் போங்கள். ஸ்பீடு டெஸ்ட் பெரிய பாக்கெட்டால் ஓடும். ஜி.711 என்ற முறையில் போகும் போன் பேச்சு ஒரு திசைக்கு விநாடிக்கு 50 பாக்கெட், ஒவ்வொன்றும் 200 பைட்தான். பெட்டி பாக்கெட்டை உதிர்க்கிறது என்றால் முதலில் காதில் விழுவது இங்கேதான்.

அறிகுறி: சுவிட்சைப் பிங் செய்தால் விட்டுவிட்டு வருகிறது, அதற்குப் பின்னால் உள்ள சர்வர் ஒழுங்காக வருகிறது

விட்டுவிடுங்கள். குறையே இல்லை. சிப் உள்ள பெட்டியில் தன் பெயருக்கு வரும் பிங்குக்குப் பதில் சொல்வது அந்த நோஞ்சான் சிபியு. அதற்கு வேறு வேலை இருந்தால் தாமதமாகச் சொல்லும், சொல்லாமலும் விடும். வழியில் உள்ள ஒவ்வொரு பெட்டியையும் (ஹாப்) சோதித்துக் காட்டும் எம்டிஆரில் நடு ஹாப்பில் மட்டும் இழப்பு தெரிந்து கடைசி ஹாப்பில் இல்லாவிட்டாலும் இதே கதை. லினக்ஸ் பெட்டியில் இப்படி நடந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அங்கே பதில் சொல்லும் சிபியுதான் பாக்கெட்டையும் தள்ளுகிறது.

அறிகுறி: சில தளம் மட்டும் பாதியில் தொங்குகிறது

பிபிபிஓஇ லைனில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492 பைட். எம்எஸ்எஸ்ஸை (அதற்குள் போகும் டிசிபி தரவின் உச்ச அளவு) 1452க்குக் கட்டுங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான்.

அறிகுறி: பிஜிபி எடுத்ததிலிருந்து, அல்லது திடீரென்று ஒரு நாள், சிப் ரவுட்டரின் சிபியு நூறு

சொந்த ஏஎஸ் எண் (இணையத்தில் தனி நெட்வொர்க் என்று அடையாளம் காட்டும் எண்) வாங்கி, பிஜிபி மூலம் மற்ற நெட்வொர்க்குகளோடு ரூட் பரிமாறும் உள்ளூர் நெட் கம்பெனிகளுக்கு மட்டும் இது. சிப்பில் ரூட் வைக்கும் இடம் அளவானது. நிரம்பினால் மீதி ரூட்டுகள் சிபியு வழிக்குப் போகும், அல்லது போகவே போகாது. 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக ஐபிவி4 ரூட் அட்டவணை 5,12,000ஐத் தொட்டபோது, அந்த அளவுக்கே இடம் ஒதுக்கியிருந்த பழைய சிஸ்கோ 6500, 7600 பெட்டிகள் பல நாடுகளில் தடுமாறின. இன்று அந்த அட்டவணை 9 லட்சத்தைத் தாண்டி வெகுகாலமாகிறது. செகண்ட்ஹேண்டில் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் போர்ட் வேகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ரூட் கொள்ளளவைப் பாருங்கள்.

ஒரே ஒரு அப்லிங்க் (மேலே இருந்து வரும் லைன்) இருந்தால் முழு அட்டவணை எதற்கு? டிஃபால்ட் ரூட் (எல்லாவற்றையும் அந்த ஒரு பக்கம் அனுப்பும் வழி) ஒன்று மட்டும் வாங்குங்கள். இரண்டு இருந்தால் டிஃபால்ட்டோடு அவரவர் உள்நாட்டு ரூட்டுகள் போதும். முழு அட்டவணை வேண்டியே தீரும் என்றால் லினக்ஸ் பெட்டி அதை நினைவகத்தில் சிரமமில்லாமல் வைத்துக்கொள்ளும். பிஜிபி வடிகட்டியில் கை வைப்பது மட்டும் தெரிந்தவரை வைத்துக்கொண்டே நடக்கட்டும். தவறான அறிவிப்பு ஒன்று போனால் பாதிப்பு உங்களோடு நிற்காது.

அறிகுறி: பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, அல்லது உறைந்து நிற்கிறது

இங்கே மென்பொருளா சிப்பா என்ற பேச்சே வேண்டாம். முதலில் அடாப்டர், யுபிஎஸ் பேட்டரி. அப்புறம் தூசி. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக் குடோனிலும், திருப்பூர் நிட்டிங் ஹாலிலும் வைத்த பெட்டியைத் திறந்தால் ஹீட்சிங்க் துடுப்புகளுக்கு நடுவே பஞ்சு கம்பளி மாதிரி படிந்திருக்கும், ஃபேன் சுற்றினாலும் காற்று உள்ளே போகாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ப்ளோயரால் ஊதுங்கள், ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டியை அந்த ஹாலிலிருந்து ஆபீஸ் அறைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

சித்திரை, ஐப்பசி இடிக்கு அடுத்த நாள் என்றால் போர்ட்டுகளை ஒவ்வொன்றாக எத்டூலில் பாருங்கள். சிஆர்சி பிழை (பாக்கெட் சிதைந்து வருவது) ஏறும் போர்ட், 1000 எம்பிக்குப் பதில் 100ல் நிற்கும் போர்ட் இரண்டும் சந்தேகத்துக்குரியவை. முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு ஆர்ஜே45 தலையை, பிறகு போர்ட்டை. கட்டடத்திலிருந்து கட்டடத்துக்கு வெளியே காப்பர் கேபிள் இழுத்திருந்தால் அதைப் பைபராக்கும் வரை இது ஒவ்வொரு வருஷமும் வரும். கருகிய வாசனை வந்தாலோ, பெட்டி உடலில் கை வைத்தால் ஷாக் அடித்தாலோ பெட்டியை விட்டுவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்திங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நெட்வொர்க் ஆளைக் கூப்பிடுவதென்றால், அவர் வருவதற்குள் ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். கோர்வாரி சிபியு, இன்டர்ஃபேஸ் பிழை எண்கள், கர்னல் பதிவின் கடைசி ஐம்பது வரி, கடைசியாக யார் எந்தச் செட்டிங்கை மாற்றினார்கள் என்ற விவரம், இவ்வளவையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பாதி நேரம் அவர் வண்டி எடுக்காமலே சொல்லிவிடுவார்.